சவரிமுத்து சேரின் சிலையும் என் அக்காவின் கல்லறையும்

செய்தி தொலைபேசியில் சிங்களத்தில் வந்தது. தரம் மூன்று பிள்ளைகளுக்கு நான் சொல்வதெழுதல் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவிசாவளை ஆசுபத்திரி வார்டிலிருந்து ஒரு பெண்குரல், "டீச்சர், சேர் நெத்தி உனா" என்றது. சேர் போய்விட்டார். "ஹரி", சரி, என்று சொல்லி வைத்துவிட்டு, பாதியில் நின்ற வாக்கியத்தை முடித்தேன். பிள்ளைகள் எழுதி முடித்த பிறகுதான் அதிபரிடம் போய் விடுப்புக் கேட்டேன். அழுகை வரவில்லை. வரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

சவரிமுத்து சேரை அறிந்தவர்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். பழைய மாணவர்கள் நினைவு மலர் போடுகிறார்கள். அதன் செயலாளர் வீட்டுக்கு வந்து, "டீச்சர், நீங்க சேரோட கொழுந்தியா. குடும்பத்துல இருந்து நல்லதா நாலு வார்த்த எழுதிக் குடுங்க" என்றார். ஆமாம், அவர் என் அக்கா திரேசாவின் கணவர். எனக்கு அத்தான். நல்ல வார்த்தை நாலு என்னிடம் இல்லை. நடந்தவை இருக்கின்றன. அச்சிடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

அவர் படித்ததையும் படிப்பித்ததையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். தெஹியோவிட்டவுக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் அவர். திரும்பி வந்து, ஒரு றப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பு வேண்டும் என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி வாங்கினார். கிரேக்க உரோம நாகரிகம் படிப்பித்தார். அவரிடம் படித்தவர்கள் இன்று கேகாலைக் கந்தோர்களில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதையெல்லாம் அவர்கள் எழுதுவார்கள். அவர் பேராதனையில் இருந்த வருடங்களில் விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, றப்பர் பால் வெட்டி, வாளி சுமந்து அவரைப் படிக்கவைத்தது என் அக்கா. அதை அவர்கள் எழுதமாட்டார்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் பலகைத் தட்டிதான். அவர் உயர்தரத்துக்குச் சொல்வது எல்லாம் என் சின்னப் பிள்ளைகளுக்கும் கேட்கும். அவருக்கு மிகவும் பிடித்த பாடம், உரோமருக்கு முன்னால் இத்தாலியில் வாழ்ந்த எத்ருஸ்கர்களின் கல்லறைகள். ஒரு பெரிய வர்ணப் படத்தை அட்டையில் ஒட்டி வைத்திருந்தார். சுட்ட மண்ணால் செய்த ஒரு சவப்பெட்டி. அதன் மூடியில் ஒரு கணவனும் மனைவியும் விருந்துக் கட்டிலில் சாய்ந்திருக்கிறார்கள். இருவர் முகத்திலும் சிரிப்பு. அவன் கை அவள் தோளில்.

"கிரேக்கன் மனைவியை உள்ளறையில் வைத்தான். விருந்துக்கு அவளைக் கூப்பிடவில்லை. எத்ருஸ்கன் தன் கட்டிலில் அவளுக்கு இடம் கொடுத்தான்" என்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தச் சிலையை அவர்கள் ஊருக்குக் காட்டவில்லை. நிலத்துக்குக் கீழே அறை வெட்டி, உள்ளே வைத்து மூடிவிட்டார்கள். அது அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டுமானது" என்பார். உரோமரைப் பற்றிச் சொல்லும்போது குரல் மாறும். உரோமன் கல்லறையைப் பெருந்தெரு ஓரத்தில் கட்டினான்; கணவனும் மனைவியும் விறைப்பாக நின்று வலது கையைப் பிடித்துக்கொண்டிருப்பதைச் செதுக்கினான்; போகிறவன் வருகிறவன் எல்லாரும் அவன் பதவியை வாசிக்க வேண்டும் என்று நினைத்தான். பாடம் நன்றாகத்தான் இருக்கும். வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும் என் பிள்ளைகள்கூட நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

ஒரு வருடம் அவருக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். மண்டபத்தில் பகல் சாப்பாடு. பெரிய மேசையில் சேர், பங்குச் சாமியார், தோட்டத்துப் பெரிய கிளாக்கர். சேருக்குப் பக்கத்து நாற்காலி வெறுமையாக இருந்தது. பரிமாறிக்கொண்டிருந்த யாரோ, "நீங்க உக்காருங்கக்கா, இன்னைக்கு உங்க நாளும்தானே" என்று அக்காவின் கையில் தட்டைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டார்கள். அவளும் உட்கார்ந்தாள். சேர் அவள் பக்கம் திரும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"உள்ள போயி பரிமாறுற பிள்ளைகளுக்கு என்னா வேணும்னு பாரு."

அக்கா தட்டோடு எழுந்தாள். எனக்கு எதிரேதான் நடந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு அவர் ஏற்புரை ஆற்றினார். எத்ருஸ்கப் பெண் கணவனுக்குப் பின்னால் நிற்கவில்லை, பக்கத்தில் சாய்ந்திருந்தாள் என்றார். மண்டபம் கைதட்டியது. அக்கா குசினியில் தாச்சி கழுவிக்கொண்டிருந்தாள்.

அவர் அவளை அடித்ததில்லை. குடித்ததில்லை. ஆனபடியால் லயத்துப் பெண்கள் அவளைக் கொடுத்துவைத்தவள் என்றார்கள். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடுப்படியில் குந்தி அவள் சாப்பிடுவாள். லயத்தை விட்டுப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் விடுதிக்குப் போன பிறகும் அப்படித்தான். கோயிலுக்குப் போகும்போது அவர் முன்னால், அவள் பின்னால். இடையில் ஒரு மாட்டுவண்டி போகலாம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பேச்சையும் அவளேதான் தனியாகக் கேட்டுக்கொண்டாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் அக்கா வயிற்றில் கட்டி வந்து செத்துப்போனாள். அடக்கம் முடிந்து சில மாதத்தில் சேர் ஒரு பெரிய காரியத்தைத் தொடங்கினார். தோட்டத்துச் சேமக்காலை பஸ் ரோட்டுக்கு மேலே ஒரு மேட்டில் இருக்கிறது. தொரையிடம் அனுமதி வாங்கி, அக்காவின் குழிமேல் இரண்டு பேருக்குரிய அகலத்தில் சீமெந்து மேடை கட்டினார். அதன்மேல் சிலை வைக்க ரம்புக்கனையிலிருந்து ஒரு சிங்கள பாஸைக் கூட்டிவந்தார். புத்தர் சிலையும் மாதா சுரூபமும் ஒரே கையால் செய்கிறவர். சேர் அவரிடம் அந்த வர்ணப் படத்தைக் கொடுத்து, இதே மாதிரி வேண்டும் என்றாராம்.

திறப்பு விழாவுக்கு ஊரே வந்தது. சாமியார் தீர்த்தம் தெளித்து, வெள்ளைத் துணியை இழுத்தார். கட்டிலில் சேர் சாய்ந்திருந்தார், இளமையாக. பக்கத்தில் சேலை கட்டிய ஒரு பெண். அவர் கை அவள் தோளில். இருவரும் ரோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே, "ஒரு மனத்தாங்கலும் இன்றி என்னோடு வாழ்ந்தவள்" என்று வெட்டியிருந்தது. உரோமக் கணவன்மார் வழக்கமாக வெட்டிவைக்கும் வாசகம் என்று தட்டிக்கு இந்தப் பக்கமிருந்து நான் பல தடவை கேட்டது. மனத்தாங்கல் உண்டா என்று யாராவது அவளைக் கேட்டால்தானே!

நான் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் அடங்கியது தெரிந்து தலையைத் தூக்கினால், எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். சிலையைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருக்கிறார்கள். பிறகுதான் நானும் சிலையின் முகத்தைப் பார்த்தேன்.

அது என் முகம்.

கூட்டத்தில் ஒரு கிழவர் பக்கத்து ஆளிடம், "இது சின்னவ இல்ல?" என்று கேட்டது நன்றாகக் கேட்டது. யாரோ சிரித்தார்கள். நான் கல்யாணம் ஆகாதவள். அக்கா செத்த வீட்டில் தனியாக இருக்கும் ஒரு ஆம்பளையின் பக்கத்தில், அவர் கைக்குள், ரோட்டில் போகும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் தெரியும்படி நான் படுத்திருக்கிறேன்.

மறுநாள் பள்ளிக்கூட இடைவேளையில் அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"அக்கா மொகம் எங்க அத்தான்?"

"படம் ஒண்ணும் சரியில்ல லூர்து. கல்யாணப் படத்துல முக்காடு. ஐடின்டிட்டி காட்டுல மொகம் கறுத்துப்போயிருக்கு."

"நீங்க சொல்லியிருக்கலாமே. இத்தன வருசம் கூட இருந்தீங்களே."

அவர் பேனாவை மூடினார், திறந்தார். "பாஸ் மூக்கு எப்புடி, வாய் எப்புடின்னு கேட்டாரு. எனக்கு... ஞாபகம் வரல்ல" என்றார். உடனே குரலைச் சரிசெய்துகொண்டு பாடத்துக்குப் போய்விட்டார். "எத்ருஸ்கர் சாம்பல் பெட்டியில எல்லாம் முகம் அச்சுல வார்த்ததுதான். ஆளுக்கு ஆள் மாத்தல்ல. முகம் பெரிய விசயமில்ல. கைதான் முக்கியம்."

"அந்தக் கை என்னைக்காவது அக்கா தோள்ல பட்டிருக்கா?"

"லயத்துல அத்தன பேரு பாத்துக்கிட்டு இருக்கையில எப்புடி..."

"இப்ப மட்டும் யாரும் பாக்கலையா? அவங்க உள்ள வச்சு மூடினாங்கன்னு நீங்கதானே படிப்பிச்சீங்க. நீங்க ஏன் ரோட்டப் பாக்க வச்சீங்க?"

"மூடி வச்சா யாரு பாப்பாங்க?" என்றார் அவர். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார். மணி அடித்தது. நான் என் வகுப்புக்குப் போனேன்.

அந்த முகத்தை மாற்றச் சொல்லி இரண்டு முறை கேட்டேன். மறுத்துவிட்டார். அவர் உயர்தர விடைத்தாள் திருத்தக் கொழும்புக்குப் போன சமயம் பார்த்து, நான் பஸ் ஏறிக் கேகாலைக்கும் அங்கிருந்து ரம்புக்கனைக்கும் போய், அந்த பாஸைத் தேடிப்பிடித்தேன். என்னைக் கண்டதும் அவர் கையில் இருந்த சீமெந்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"டீச்சர், நான் கேட்டது. நோனா மூஞ்சி எப்படின்னு. சேர் தெரியாது சொன்னது. பொறகு சொன்னது, நங்கி மாதிரிதான், நங்கியப் பாத்துக்கோன்னு. நான் கோயில்ல மாதாவுக்குப் பெயின்ட் அடிக்க வந்த நேரம் டீச்சரப் பாத்தது. மனசு சரியில்ல டீச்சர், அன்னைக்கே."

"தங்கச்சி மொகத்த எடுத்துருங்க, பாசுன்னே. அக்கா எப்புடி இருப்பான்னு நான் சொல்றேன்."

அவர் வந்தார். என் முகத்தை உளியால் கொத்தி எடுத்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்திலேயே நின்றேன். பிறகு ஈரச் சீமெந்தை அப்பினார். நான் சொல்லச் சொல்ல அவர் வழித்தார். நெற்றி இன்னும் அகலம். கன்னம் ஒட்டினது. முன்பல் ஒன்று மற்றதன்மேல் ஏறியிருக்கும், ஆனால் வாய் திறக்கவேண்டாம். சொல்ல வந்ததைச் சொல்லாமல் விடும்போது அக்கா கீழுதட்டைக் கொஞ்சம் உள்ளே மடித்துக்கொள்வாள், அது வேண்டும். பாஸ் தன் உதட்டை மடித்துக் காட்டி, "மெஹெமத?" என்று கேட்டார். இப்படியா? அப்படித்தான் என்றேன். சிரிப்புப் போய்விட்டது. பார்வையும் ரோட்டை விட்டு, எதிரே உள்ள றப்பர் மலைக்குப் போனது.

றப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் மேட்டில் ஏறி நின்று பார்த்தார்கள். அக்காவோடு ஒரே மலையில் பால் வெட்டிய செல்லம்மா சொன்னாள்: "இப்பத்தான் நம்ம தெரேசக்கா. பாருங்கடி, கை மேல கெடக்கு, அதுபாட்டுக்கு வேற எங்கயோ பாக்குது."

சேர் கொழும்பிலிருந்து வந்து பார்த்தார். வெகுநேரம் நின்றார் என்று சொன்னார்கள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வருடப் பரிசளிப்பு விழாவில் மேடையில் பேசினார்: "என் மனைவியின் முகச்சாயல் எனக்குத் திருப்தி தரவில்லை. நினைத்து நினைத்து, கோடு கோடாகத் திருத்தச் செய்தேன்." பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நான் முன்வரிசையில் இருந்தேன். என் வகுப்புப் பிள்ளைகள் கைதட்டியபடி என்னைத் திரும்பிப் பார்த்ததால் நானும் தட்டினேன். சேரின் அடக்கத்தன்று நீங்கள் ஒலிபெருக்கியில் கண்ணீரோடு சொன்ன கதை அதுதான்.

இனி, நீங்கள் என்மேல் கோபமாக இருக்கும் விஷயம்.

போன மாதம் ஆசுபத்திரியில், பார்வையாளர் நேரத்தில், அவர் என்னிடம் சொன்னார். "மேடையில ஒரு எடம் விட்டு வச்சிருக்கேன் லூர்து. அவளுக்குப் பக்கத்துல." உறவென்று கையெழுத்துப் போட இருந்தவள் நான் ஒருத்திதான்.

அக்கா கடைசி நாட்களில் என்னிடம் ஒன்று சொல்லியிருந்தாள். அதை அவருக்குச் சொல்லும் நாள் வரும் என்று தெரிந்தே வைத்திருந்தேன். ஒளிப்பானேன், அவருக்கு வலிக்க வேண்டும் என்றுதான் வைத்திருந்தேன். அன்று சொன்னேன்.

"அக்கா வேற மாதிரி கேட்டா அத்தான். 'செத்தாவாச்சும் தனியா படுக்கணும் லூர்து. யாரு எந்திரிக்கிறாங்க, யாருக்குத் தேத்தண்ணி வேணும்னு காது குடுத்துக்கிட்டே படுத்துப் படுத்து, நான் ஒரு நாளும் முழுசாத் தூங்கினதில்ல'ன்னு சொன்னா."

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார், அல்லது எத்ருஸ்கரைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன்.

"அப்புடியா சொன்னா?"

"ஆமா."

"எப்ப?"

"நீங்க கண்டிக்குச் செமினாருக்குப் போயிருந்தப்ப."

கட்டில் விளிம்பில் போர்வையின் நூலை இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரரின் மகள் பாண் பிய்த்துத் தகப்பனுக்குக் கொடுத்து முடித்தாள். பிறகு சொன்னார்:

"அப்ப என்னைய வேற எடத்துல வச்சிரு."

நான் எழுந்தேன். வாசலுக்குப் போவதற்குள் கூப்பிட்டார்.

"செல இருக்கட்டும்."

அதனால்தான் அவரைச் சேமக்காலையின் கீழ்க்கோடியில், வேலியோரத்தில், தனிக்குழியில் வைத்தேன். மேடையை உடைத்துத் திறக்கக் கடப்பாரையோடு வந்து நின்ற மாணவர்களை நான்தான் தடுத்தேன். உபதேசியார் என்னைக் கல்மனசுக்காரி என்றார். இருக்கட்டும். சிலையை நான் தொடவில்லை, தொடவும் மாட்டேன். பஸ்ஸில் போகிறவர்கள் ஒரு நல்ல கணவனைப் பார்த்துக்கொண்டு போகட்டும். சீமெந்துக்குக் கீழே என் அக்கா காலை நீட்டித் தனியாகப் படுத்திருக்கிறாள்.

அவர் பேசிய பேச்சுகளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவருடைய ஒரு வாக்கியம் போதும். "அப்ப என்னைய வேற எடத்துல வச்சிரு." அக்கா கேட்டு அவர் கொடுத்தது அந்த ஒன்றுதான். அதைக் கொடுத்தபோது மேடை இல்லை, கைதட்ட ஆள் இல்லை. வாங்கிக்கொள்ள அவளும் இல்லை. அவளுக்குப் பதிலாக வாங்கியவள் நான். வைத்திருக்கிறேன்.