வாய் தவறிய மரியாதை

இனப்படுகொலையின்போது ஒரு தையல்காரி, தேடிவந்த சிப்பாய்களிடம் பொய் சொல்லி அடுத்த வீட்டாரைக் காப்பாற்றும் படம் பார்த்தேன். "நானா இருந்தாலும் காட்டிக்குடுக்க மாட்டேனுங்க" என்று கணவரிடம் பெருமையடித்தேன்.

மறுநாள் காலை, அன்னூரில் எங்கள் வீட்டுக்கு இருவர் வந்தார்கள். "ஏனுங்கக்கா, மாடியில குடியிருக்கற புள்ள இருக்குதுங்களா?"

சாதி மாறிக் கல்யாணம் செய்து, பெற்றவர்களுக்குப் பயந்து கணவனோடு எங்களிடம் குடிவந்தவள் அவள். வந்தவர்களை வரவேற்றே பழகிய என் வாய், "இருக்குதுங்க, உட்காருங்க" என்றுவிட்டது.

தண்ணீர் கொண்டுவந்தால், அவர்கள் மாடிப்படியில்! ஒருவன் சட்டைக்கடியில் அரிவாள் தெரிந்தது. நல்லவேளை, அவளும் கணவனும் அதற்குள் வேலைக்குக் கிளம்பியிருந்தார்கள். பூட்டைப் பார்த்தவர்கள், "அப்புறமா வாரோமுங்க" என்று போனார்கள்.

உடனே அவளுக்குப் போன் செய்து, இருவரையும் வேறு ஊருக்கு அனுப்பிவைத்தோம்.

இப்போது யார், எவரைக் கேட்டு வந்தாலும், "தெரியாதுங்க" என்கிறேன். அதன்பிறகுதான் தண்ணீர் கொடுக்கிறேன்.