பதினோரு மணி விமானம்

மூணாறுக்கு மேலே உள்ள அந்த எஸ்டேட் லயத்து வரிசைவீடுகளில், யார் எங்கே போவதென்றாலும் முதலில் முனீஸ்வரனிடம்தான் நேரம் கேட்பார்கள். முப்பத்தோரு வருடமாகக் காந்தலூர்ப் பாதையில் ஜீப் ஓட்டுகிறவர். தூரத்தைச் சொல்ல மாட்டார். “கிலோமீட்டரு ரோட்டோரக் கல்லுக்குத் தெரிஞ்சாப் போதும், நமக்கு நேரம்தான்” என்பார். மஞ்சு இறங்கிப் பாதை மறைந்தால் இவ்வளவு, வழியில் யானை நின்றால் இவ்வளவு என்று விரல்விட்டு எண்ணி அவர் சொன்ன கணக்கு கால்மணிக்கு மேல் பிசகியதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவருடைய தங்கை ராமலட்சுமி இறந்துபோனாள். கொழுந்து கிள்ளி அவள் வளர்த்த ஒரே மகன் வேல்முருகன் டொராண்டோவில் இருந்தான். பதிமூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். சேதி போன சற்று நேரத்தில் அவன் அழுதுகொண்டே கூப்பிட்டான்.

“பதினோரு மணிக்கு ஃப்ளைட்டு மாமா. நெடும்பாசேரி ஏர்போர்ட்டு வர மொத்தம் இருபத்திரண்டு மணி நேரம். டிக்கெட்ட அத்தை போனுக்கு அனுப்புறேன்.”

“டிக்கெட்டு எதுக்குடா? நேரத்தச் சொல்லிட்டேல்ல, கெளம்பு.”

பதினொன்று, கூட இருபத்திரண்டு. நாளைக் காலை ஒன்பது. மலையேற ஐந்து மணி நேரம். முனீஸ்வரன் லயத்துக்காரர்களிடம் சொன்னார்: “ரெண்டு மணிக்கு மகன் வந்துருவான். நாலு மணிக்கு எடுத்துரலாம்.”

பக்கத்து வீட்டுப் பெரியமுத்து தயங்கினார். “எதுக்கும் ஆஸ்பத்திரி மார்ச்சுவரில வச்சிருவமாண்ணே? மழை வேற.”

“ஒரு ராத்திரிக்கு எதுக்குய்யா? அவள அங்க தனியாப் போடவா?”

வாடகைக்கு ஃப்ரீஸர் பெட்டி வந்தது. மறுநாள் விடியுமுன் ஜீப்பை எடுத்தவர், ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் விமான நிலைய வாசலில் நின்றார். பத்து, பதினொன்று. வந்தவர்களில் வேல்முருகன் இல்லை. பக்கத்தில் சவாரிக்குக் காத்திருந்த டாக்ஸி டிரைவர் ஜோஸ் விவரம் கேட்டுவிட்டுப் போனைத் தட்டிப் பார்த்தார்.

“சேட்டா, பதினோரு மணி அவிடத்தெ, டொராண்டோ மணியாக்கும். நமக்கு நேத்து ராத்திரி எட்டரை. இன்னைக்கு சாயந்திரம் ஆறரைக்குத்தான் வரும்.”

இங்கே பகலென்றால் அங்கே இரவு என்பது முனீஸ்வரனுக்குத் தெரியாததல்ல. மகனை அங்கத்திய நடுராத்திரியில் கூப்பிட்டுத் தொலைக்காதே என்று தங்கையையே அதட்டியவர். நேற்று விரலை மடக்கியபோது அது மட்டும் நினைவில் வரவில்லை.

மூன்று மணிக்கு மனைவி மாரீஸ்வரி கூப்பிட்டாள்.

“காலையிலேயே கரண்டு போயிருச்சுங்க. பெட்டில ஐஸும் இல்ல. மொகம் மாறுது. பொழுது சாயுறதுக்குள்ள எடுக்கணுங்கிறாக. வேல்முருகன் எங்க?”

“வரல.”

“என்ன செய்யச் சொல்றீக?”

வாய்க்கரிசி போட வேண்டிய மகன் ஆகாயத்தில். அண்ணன் அடிவாரத்தில்.

“எடுத்துருங்க. அரிசிய நீயே போட்ரு.”

ஏழரைக்கு வேல்முருகன் வெளியே வந்தான். முதுகில் ஒரு பை, வேறொன்றுமில்லை.

“மாமா, இங்கருந்து எவ்வளவு நேரம்? அம்மாவப் பாத்துருவேன்ல?”

முதன்முறையாக முனீஸ்வரன் நேரம் சொல்லவில்லை.

“எடுத்தாச்சுடா. நான்தான் எடுக்கச் சொன்னேன். கணக்குத் தப்பிப்போச்சு. பெரியமுத்து சொன்னான், நான் கேக்கல.”

அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றார். அவன் அடிக்கவில்லை.

“எத்தன மணிக்கு?”

“நாலு.”

சின்ன வயதில் ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து மாமாவிடம் பழகியதுபோலவே, அவன் ஒவ்வொரு விரலாக மடக்கினான்.

“அப்ப நான் கடலுக்கு மேல இருந்தேன் மாமா. சாப்பாடு குடுத்தாங்க. சாப்ட்டேன்.”