குழாய்க்குள் கறுப்பு

யுத்தம் முடிந்து சில வருடங்கள் கழித்து என் மனைவியின் இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நாளுக்கு நாலு தடவை அதன் வழியாக ஒரு பை மருந்துத் தண்ணீரை உள்ளே விட வேண்டும். சில மணி நேரம் கழித்து உடம்பின் அழுக்கோடு அதை வெளியே எடுக்க வேண்டும்.

அதைச் செய்தது நான்தான். புத்தளம் உப்பளத்தில் வேலை செய்து வெடித்துப்போன கைகள் என்னுடையவை. முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவி, முகமூடி கட்டி, ஜன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பையைத் தொடுவேன். பகல் பைக்கு உப்பளத்திலிருந்து சைக்கிளில் ஓடி வருவேன்.

ஏழு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு காலையில் வெளியே வந்த தண்ணீர் கலங்கியிருந்தது. அவளுக்கு வயிற்றுவலியும் காய்ச்சலும். ஆஸ்பத்திரியில் கிருமிக்கு மருந்து கொடுத்தார்கள். கேட்கவில்லை. மூன்றாம் நாள் குழாயின் உட்புறத்தில் மிளகுத்தூள் ஒட்டியதுபோல் கறுப்புப் புள்ளிகளைப் பார்த்தேன். அதே புள்ளிகளை ஒரு கிழமைக்கு முன் வீட்டில் பை மாற்றும்போதும் குழாயில் பார்த்திருந்தேன். அடுப்புக் கரி என்று நினைத்துக் குழாயின் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு இருந்துவிட்டேன். இதை அங்கே ஒருவரிடமும் சொல்லவில்லை.

பரிசோதனை முடிவு வந்ததும் டொக்டர் சிங்களத்தில் சொன்னார். பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ்ஸி தமிழில் விளங்கப்படுத்தினார். கறுப்பு நிறமான ஒரு பங்கசு, பூஞ்சணம்தான், மா புளிக்க வைக்கும் ஈஸ்ட் மாதிரி வளருமாம். ஈரமான இடங்களில், குளியலறையில், கைகழுவும் இடத்தில் இருக்குமாம். குழாயைக் கழற்றியே ஆக வேண்டும் என்றார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கை கழுவும் தொட்டியின் அடியைத் தடவினேன். விரலில் கறுப்பாக வழுவழுவென்று வந்தது. பிளீச் ஊற்றி, தொட்டியையும் சுவரையும் தேய்த்துக்கொண்டே இருந்தேன். நகக்கண்ணில் இரத்தம் வந்த பிறகும் விடவில்லை.

மறுநாள் கட்டிலருகே உட்கார்ந்து, கரி என்று நினைத்து விட்டதை அவளிடம் சொன்னேன்.

“ஒங்கட கையால வந்ததெண்டு யாரு சொன்ன?” என்றாள். “அந்தக் கை இல்லாட்டி நான் எப்பவோ மௌத்தாகியிருப்பன்.”

அவள் அப்படிச் சொல்லாமல் என்னைத் திட்டியிருக்கலாம் என்று பட்டது.

குழாயைக் கழற்றினார்கள். பல கிழமை மருந்து ஏற்றிப் பங்கசு அடங்கியது. ஆனால் வயிற்றின் உட்சவ்வு கெட்டுவிட்டதால் இனி வீட்டில் பை மாற்ற முடியாது என்றார்கள். கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினுக்காக சிலாபத்துக்கு பஸ்ஸில் போனோம். திரும்பி வரும்போது ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வருவாள்.

ஐந்தாவது மாதம், ஒரு காலையில் புறப்படும் நேரத்தில் அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இண்டைக்கி எனக்கு ஏலா.”

அவள் சொன்னதை நான் கேட்கவில்லை. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனேன். வழியில் எத்தனையோ தடவை துஆக் கேட்டேன். இரண்டாம் நாள் வார்டிலேயே போய்விட்டாள்.

இதயம் நின்றதுதான் காரணம் என்று எழுதித் தந்தார்கள். பங்கசைப் பற்றி அந்தத் தாளில் ஒரு சொல்லும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று அதை இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன்.