கன்னையா மறந்த உப்பு

கதவை மூன்று தட்டுத் தட்டிவிட்டுக் கன்னையா காதைப் பலகையோடு ஒட்டி வைத்துக்கொள்வார். உள்ளே இருமல் கேட்டால் ஒரு முகம், பேச்சுக் கேட்டால் ஒரு முகம், ஒன்றுமே கேட்காவிட்டால் வேறொரு முகம். பிரிக்பீல்ட்ஸ் ரயில் பட்டறையில் வண்டிச் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்தே விரிசல் இருக்கிறதா என்று சொல்வது அவர் வேலை. இருபது வருஷமாகக் காதை நம்பிப் பிழைக்கிற மனிதர்.

“ஆத்தா, கஞ்சி வந்திருக்கு. பாழாப்போனவன், இன்னைக்கும் உப்புப் போட மறந்துட்டேன். உங்க வீட்டு உப்பு ஒரு கல்லு போட்டுக்குங்க.”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் வருஷத்து இந்த ஐப்பசியில் விஷக்காய்ச்சல் பட்டறையில் பாதிப் பேரைப் படுக்க வைத்துவிட்டது. தீபாவளிக்கு ஒரு வெடிச் சத்தமில்லை. தண்டவாளம் போடக் கடல் கடந்து வந்து, துணையைப் பறிகொடுத்து, ஒற்றையாய்த் தங்கிவிட்ட கிழங்கட்டைகள் செங்கல் சூளைக்குப் பின்னால் பதினோரு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் தமிழர் சபை கோவில் வாசலில் கஞ்சி காய்ச்சியது. சபையார் நல்லவர்கள். ஆனால் வேண்டியவர்கள் வந்து வரிசையில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பதினோரு பேரில் ஒருவர்கூட வரவில்லை.

“வரிசையில நிக்கத் தெம்பு இருக்கிறவன் வீட்டுலயே ஒல வச்சிருவானேய்யா?” என்று காரியதரிசியிடமே கேட்டார் கன்னையா. கேள்வி கேட்டவன் தலையில் வேலையைக் கட்டுவது எந்தச் சபைக்கும் வழக்கம்தானே. மறுநாளே தூக்குவாளி அவர் கைக்கு வந்துவிட்டது.

வாளி போனால் மட்டும் போதுமா? ஐந்தாவது குடிசை மாரியாயி இரண்டு நாள் கதவைத் திறக்கவே இல்லை. முப்பது வருஷம் தண்டவாளத்துக்கு ஜல்லி சுமந்து சாப்பிட்டவள். “தருமக் கஞ்சி குடிச்சு உசிர வளக்கிறதுக்குக் காய்ச்சல்லயே போயிர்றேன். எடுத்துக்கிட்டுப் போ தம்பி” என்று உள்ளிருந்தே சொன்னாள். சொன்னபடி செய்யக்கூடியவள்தான். பன்னிரண்டாவது ஆளாயிருந்த பக்கத்துக் குடிசைக்காரர் அந்த வீம்பிலேயே போய்ச் சேர்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் சபைச் சமையல்காரர் உண்மையாகவே உப்பை மறந்துபோனார். முதல் நான்கு வீட்டிலும் வசவு வாங்கிக்கொண்டு வந்த கன்னையா, மாரியாயி கதவில் அலுப்போடு சாய்ந்து, “கொஞ்சம் உப்பாவது குடு ஆத்தா” என்றார். கதவு திறந்தது. உப்பு கேட்டு வந்தவனை விரட்ட அவளுக்கு மனம் வரவில்லை. தன் கையாலேயே போட்டுக் கலக்கி, நாக்கில் வைத்துப் பார்த்து, “உங்க சபையில ஒருத்தனுக்கும் கஞ்சி காய்ச்சத் தெரியாதா?” என்று திட்டிக்கொண்டே முழுதும் குடித்தாள்.

தன் வீட்டு உப்பு விழுந்துவிட்டால் அது தன் வீட்டுக் கஞ்சி. கன்னையாவுக்கு அன்றுதான் உறைத்தது. சமையல்காரரிடம் சொல்லி உப்பை நிறுத்திவிட்டார். அதன்பின் பதினோரு வீட்டிலும் தினம் ஒரு மறதி. “ஒன் பொஞ்சாதி ஒன்ன வச்சுக்கிட்டு எப்படித்தான் காலந்தள்ளுறாளோ!” என்று கிழங்கள் ஏசும், ஏசிக்கொண்டே எழுந்து உப்பு எடுக்கப் போகும். கன்னையா வெளியே நின்று அந்தக் காலடிகளைக் கேட்பார். நேற்றைவிட நடை தளர்ந்திருந்தால் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸருக்குச் சொல்லி அனுப்புவார். தனியாகக் கிடப்பவர்களுக்கு நாளுக்கு ஒரு தரம் திட்ட ஓர் ஆள் கிடைப்பதும் மருந்துதான்.

போன வியாழக்கிழமை காரியதரிசி, ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி சண்முகரத்தினம், அவரைப் பிடித்துக்கொண்டார். “என்ன காணும் கன்னையா, உப்பில்லாக் கஞ்சி குடுக்கிறீராமே? சபைக்கு வெட்கக்கேடெல்லோ! நாளைக்கு அண்டாவிலேயே உப்புப் போடச் சொல்லிப்போட்டன்.” மாரியாயி வீட்டு உப்பைப் பற்றி ஒரு கிராணியிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது?

வெள்ளிக்கிழமை வழியெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்தார். இன்னும் உப்பு விழுந்தால் கஞ்சியை வாயில் வைக்க முடியாது. உப்பு கேட்காவிட்டால் மாரியாயி வாயிலேயே வைக்க மாட்டாள்.

மூன்று தட்டுத் தட்டினார். காலடி கேட்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போனால், அவள் பாயில் சுருண்டு கிடந்தாள். நெற்றி அனலாய்க் கொதித்தது.

“இன்னைக்கும் மறந்துட்டியா தம்பி?”

“ஆமா ஆத்தா.”

“எந்திரிக்க முடியல. அடுப்புப் பக்கத்துல ஜாடி இருக்கு. நீயே போட்டுக் குடு.”

கன்னையா ஜாடியைத் திறந்தார். அடிவரை சுரண்டி எடுத்திருந்தது, ஒரு கல்லும் மிச்சமில்லை. பாசாரில் கடைகள் சாத்தி இரண்டு வாரமாகிறது. இருந்த உப்பையெல்லாம் அவர் மறதிக்கே தீர்த்திருக்கிறாள். நேற்றுச் சுரண்டியவளுக்கு இது தெரியாமலா இருக்கும்?

திரும்பிப் பார்த்தார். அவள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கன்னையா ஜாடிக்குள் மூன்று விரலை விட்டார். எடுத்தார். கஞ்சியின்மேல் பதமாகத் தூவி, நன்றாகக் கலக்கி, அவள் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனார்.

மாரியாயி ஒரு வாய் குடித்தாள். “ஒரு கல்லு கூடிப்போச்சு” என்றாள்.

“நாளைக்குக் கொறச்சுப் போடுறேன் ஆத்தா.”

மிச்சத்தையும் குடித்து முடித்தாள். டிரெஸ்ஸரை அழைத்துவரக் கிளம்பும் முன், கன்னையா அந்த வெறும் ஜாடியை இறுக மூடி, அவள் கைக்கு எட்டும்படி பாயோரம் வைத்தார்.