சுக்குக் குறைவு என்று சொன்னேன்

அத்திகிரியின்மேல் நின்று கேட்டவர்க்கெல்லாம் வரம் தரும் பேரருளாளா, பொய்யுரைத்த இந்த நாவுக்கும் நீயே துணை.

இன்று ஹஸ்தம், பெருமாளின் திருநட்சத்திரம். இன்றும் மறைத்தால் இனி என்று சொல்வேன்?

சுவைக்காத இட்லிக்கு அடியேன் தீர்ப்புச் சொன்னேன். அதுவும் பொய்த் தீர்ப்பு!

எங்கள் ஊர்க் குடலை இட்லியை நீங்கள் அறிந்திருப்பீர்கள். மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில், மிளகும் சீரகமும் சுக்கும் சேர்ந்த மாவு வேகும். பெருமாள் அமுது செய்வது அது. அப்பெயரைக் கண்டவரெல்லாம் எடுத்தாளாதபடி புவிசார் குறியீடு கேட்க, சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு குழு கூடியது. பெயருக்கு உரியவர் யார் என்று தேர்ந்து சொல்ல, பாசுரம் சொல்லியே நரைத்த அடியேனை நடுவில் அமர்த்தினார்கள்.

பெருமாளுக்குப் படைக்காத எதையும் அடியேன் உண்பதில்லை. அதைச் சொல்லி அன்றே எழுந்திருக்கலாம்... எழவில்லை. அந்த நாற்காலி இனித்தது.

ஐயம்பேட்டையில் தள்ளுவண்டிக் கடை வைத்திருக்கும் கன்னியம்மா, தன் இட்லியைக் கொண்டுவந்து வைத்தாள். முகர்ந்தேன். குறை ஒன்றும் தெரியவில்லை. ஆயினும், பெருமாள் அமுதின் பெயர் தள்ளுவண்டியிலா என்று மனம் சுருங்கிற்று. “சுக்குக் குறைவு” என்றேன்.

“வாயிலயே வைக்கல, சுக்கு கம்மின்றீங்க! நாக்கைப் பெருமாளாண்ட அடகு வச்சிட்டீங்களா சாமி?” என்றாள் அவள்.

குழுவினர் சிரித்தார்கள். அடியேனும் சிரித்தேன்!

விண்ணப்பத்தில் அவள் பெயர் சேரவில்லை. இனி அப்பெயரில் விற்றால் வழக்கு வரும் என்று ஒருவர் மிரட்ட, வண்டிப் பலகையில் ‘குடலை இட்லி’ என்றிருந்ததன்மேல் அவள் சுண்ணாம்பு பூசினாள். பெயர் போயிற்று, அவளிடம் இட்லி சொல்லிவைத்து வாங்கிய கல்யாண வீட்டாரும் ஒவ்வொருவராய்ப் போனார்கள்.

பின்னொரு நாள், அடுத்த வீட்டுத் திருவாராதனம். பிரசாதமாக இட்லி தந்தார்கள். பிரசாதத்தை மறுப்பதுண்டா? வாயிலிட்டேன். மிளகு விழித்தது, சுக்கு அளவாக இறங்கிற்று. கண் பனித்து, “மடப்பள்ளியிலிருந்து வந்ததா?” என்றேன்.

“இல்லை மாமா, ஐயம்பேட்டை கன்னியம்மா பண்ணினது. வெளியில வாங்கினதுன்னு கோச்சுக்காதீங்கோ, பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணியாச்சு” என்றாள் அவ்வீட்டு மருமகள்.

பெருமாளே ஏற்றுக்கொண்டான். அடியேன் யார், தள்ளிவைக்க?

குழுவிடம் போய்ச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். விண்ணப்பம் அனுப்பியாயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்... இல்லை, அது சாக்கு! பெரியவர் என்ற பெயர் போய்விடுமே என்ற அச்சம். அவள் பெயரை அழித்தவனுக்குத் தன் பெயர்மேல் இத்தனை ஆசை!

ஷேர் ஆட்டோ ஐயம்பேட்டையைக் கடக்கும்போதெல்லாம் தலை குனிகிறேன். ஒருமுறை அவளே பார்த்துவிட்டாள். “இன்னா சாமி, எறங்கலையா? இன்னிக்கி சுக்கு தூக்கலாவே போட்டுக்கீறேன்!”

ஆட்டோ நகர்ந்தது. அடியேன் இறங்கவில்லை.

இதைப் படிப்போர் அனைவரும் குறைவின்றி வாழ்க. உண்ட பின்னரே பேசும் நாவைப் பேரருளாளன் உங்களுக்கு அருள்க.