முட்டையக்காவின் வயிற்றெரிச்சல்

பெரிய ஆஸ்பத்திரியின் பின்வாசலில் அவித்த முட்டையும் டீயும் விற்றவளை எல்லோரும் முட்டையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்த வாட்ச்மேனுக்கும் அவள் அக்காதான். ஒரு ஸ்டூல், அதன் மேல் அலுமினியச் சட்டி, பக்கத்தில் இரண்டு ஃபிளாஸ்க், பேப்பரில் மடித்த உப்பும் மிளகும். கடை என்றால் அவ்வளவுதான். அவள் கணவர் கிடங்கில் மூட்டை தூக்கியவர். முதுகு போன பிறகு வீட்டிலேயே இருந்து முட்டை அவிப்பார், விரிசல் விட்டதைப் பொறுக்கித் தனியாக வைப்பார், டீ போட்டு ஃபிளாஸ்க்கில் ஊற்றித் தருவார். "நாம இப்ப தூக்குற பெரிய பாரம் இந்தச் சட்டிதான்" என்று தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வார்.

பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவள் பேசமாட்டாள். ஆனால் யாருக்காவது ஏதாவது செய்யக் கிடைத்துவிட்டால் அன்று முழுக்க அவள் நடையே வேறு. நோயாளியோடு வந்து நடைபாதையில் படுத்திருக்கும் யாருக்காவது ஒரு டீயைச் சும்மா கொடுத்துவிட்டு, அதை வீட்டில் வந்து சொல்லி, மறுநாள் வாட்ச்மேனிடமும் சொல்வாள்.

அவள் ஞாயிறுதோறும் போகும் சபைக்குப் பின்னால் ஓடு வேய்ந்த ஒரு ஹால் இருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண்களின் சேமிப்புக் குழு அங்கே கூடும். முதலில் ஜெபம், ஒரு வசனம், அப்புறம் காசு. ஒவ்வொருத்தியும் தன்னால் முடிந்ததை இரும்புப் பெட்டியில் போடுவாள். தேவைப்பட்டவள் எல்லோர் சம்மதத்தோடும் அதிலிருந்து கடன் எடுப்பாள், கொஞ்சம் வட்டி சேர்த்துத் திருப்பிப் போடுவாள். பெட்டிக்கு மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று பேரிடம். மூவரும் வந்தால்தான் மூடி திறக்கும். அதில் ஒரு சாவி முட்டையக்காவிடம் இருந்தது. குழுவை நடத்திய பாஸ்டரம்மாதான் அதை அவள் கையில் கொடுத்தார். "கடனே கேக்காத ஆளு நீங்க ஒருத்தர்தான். உங்ககிட்ட இருந்தா எங்களுக்கு நிம்மதி" என்றார்.

கடன் கேட்காததற்குக் காரணம் நேர்மை இல்லை, பயம். கணவரின் முதுகு வைத்தியத்துக்காக முன்பு ஒரு வட்டிக்காரனிடம் வாங்கி, காதில் கிடந்ததும் போய், வாசலில் நின்று அவன் பேசிய பேச்சைத் தெருவே கேட்டது. அதிலிருந்து கடன் என்ற சொல்லே அவளுக்குக் குமட்டும். பெட்டியில் போடுவாள், எடுக்கமாட்டாள்.

இப்படி இருந்தபோதுதான் அவளுடைய கூடப்பிறந்த தங்கச்சி வந்து சேர்ந்தாள். ஒரு கையில் மகள், இன்னொரு கையில் ஜிப் பிய்ந்து கயிறு கட்டிய பெட்டி. புருஷன் வேறு ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து இவளை வெளியே தள்ளிவிட்டான். முட்டையக்கா ஒரு கேள்வி கேட்கவில்லை. இருந்த ஒரே அறையில் சேலையால் தடுப்புக் கட்டி, அந்தப் பக்கம் அவர்களைப் படுக்கவைத்தாள். தன் தட்டிலிருந்து எடுத்து வைத்தாள். தங்கச்சியின் மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். உள்ளதைச் சொன்னால், அவள் வாழ்க்கையிலேயே மிகச் சந்தோஷமான நாட்கள் அவைதான்.

அவளே தங்கச்சியைக் குழுவுக்கும் கூட்டிப் போனாள். "இவளுக்கு நான் பொறுப்பு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். தங்கச்சி கைவேலை தெரிந்தவள். தான் கொண்டுவந்த பெட்டியின் ஜிப்பை அவளே கழற்றிச் சரிசெய்தாள். பக்கத்து வீட்டுப் பையின் ஜிப்பையும் சரிசெய்தாள். குழுவில் சிறிய கடன் வாங்கி ஒரு குறடு, ஊசிகள், ஒரு டப்பா நிறைய ஜிப் தலைகள் வாங்கி, பஸ் நிலையத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்தாள். ஊரெல்லாம் பை வைத்திருந்தது, பைக்கெல்லாம் ஜிப் பிய்ந்திருந்தது. சீக்கிரத்திலேயே அவளுக்கு ஜிப்பு என்றே பெயராகிவிட்டது. கடனைக் கட்டி முடித்தாள். பஸ் நிலையத்துக்குள்ளேயே கதவு வைத்த ஒரு சின்னப் பெட்டிக்கடையை வாடகைக்கு எடுத்தாள். அப்புறம் தனியாக ஒரு அறை பார்த்துக்கொண்டு போனாள்.

சேலைத் தடுப்பை அவிழ்த்த அன்று முட்டையக்கா, "அறை இப்பதான் அறை மாதிரி இருக்கு" என்றாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு ஞாயிறு ஆராதனையில் தங்கச்சி சாட்சி சொன்னாள். முன்னால் போய் மைக்கைப் பிடித்தாள். ஆண்டவருக்கு நன்றி, பாஸ்டருக்கும் பாஸ்டரம்மாவுக்கும் நன்றி, குழுவில் இருக்கும் ஒவ்வொரு சகோதரிக்கும் நன்றி. ஒன்றுமில்லாமல் இருந்தேன், இன்று ஒரு கடைக்காரி ஆகியிருக்கிறேன் என்றாள். சபையே அல்லேலூயா என்றது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த முட்டையக்கா, தங்கச்சி தன்னைப் பற்றிச் சொல்வாள், சொல்வாள் என்று சேலைத் தலைப்பைச் சரிசெய்து தயாராக இருந்தாள். தங்கச்சி மைக்கை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அக்கா என்ற சொல் அவள் வாயில் வரவே இல்லை.

"நல்லா பேசினா இல்ல?" என்றார் கணவர், வீட்டுக்கு நடந்து வரும்போது.

"மைக்கு நல்லா இருந்துச்சு" என்றாள் அவள்.

அதன் பிறகு தங்கச்சி எது செய்தாலும் இவளுக்கு உறுத்தியது. தங்கச்சி புதுச் செருப்பு போட்டால் அது சத்தம் போடுகிற செருப்பு. கடைக்குப் பலகை எழுதி மாட்டினால் எழுத்து கோணல். தங்கச்சி மகள் வகுப்பில் முதலாவதாக வந்தால், "அந்த வகுப்புல எத்தனை பேராம்?" பாஸ்டரம்மா வேறு சபைகளுக்கும் தங்கச்சியைக் கூட்டிப் போய்ப் பேசவைத்தார். அதைக் கேள்விப்பட்ட நாளில் முட்டையக்கா டீயில் இரண்டு தரம் சர்க்கரை போட்டு விற்றாள். ஜெபத்தில் முழங்கால் போட்டபோது அவள் வாயிலிருந்து இப்படித்தான் வந்தது: "ஆண்டவரே, அவளை ஆசீர்வதியும். வேண்டாம்னு சொல்லல. கொஞ்சம் மெதுவா செய்யும்."

இந்த நிலையில் பைகள் தைக்கும் பட்டறை ஒன்று மூடப்போவதாகச் செய்தி வந்தது. கேன்வாசும் தோலும் தைக்கிற கனமான மெஷின் ஒன்றைப் பாதி விலைக்குத் தருவதாகப் பட்டறைக்காரர் தங்கச்சியிடம் சொன்னார். அது கிடைத்துவிட்டால் ஜிப் மாட்டுவதோடு நிற்காமல் பள்ளிக்கூடப் பைகளையே தைக்கலாம். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான் வெப்பேன். வேற ஒருத்தர் கேட்டுட்டே இருக்காரு" என்றிருந்தார். குழு சம்மதித்துவிட்டது. ஞாயிறு பெட்டி திறந்து எடுத்துக் கொடுப்பதுதான் பாக்கி.

அந்த ஞாயிறு காலை முட்டையக்கா சாவியை முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்து, சர்க்கரை டப்பாவுக்குள் அழுத்திவிட்டுச் சபைக்குப் போனாள்.

ஹாலில் வசனம் வாசித்து முடிந்தது. மற்ற இரண்டு பூட்டும் திறந்தன. முட்டையக்கா முந்தானையைத் தடவினாள், பையைக் கொட்டினாள், முகத்தில் பதற்றம் காட்டினாள்.

"காணோமே... வழியில எங்கயோ விழுந்துடுச்சு போல."

"நல்லா பாருக்கா" என்றாள் தங்கச்சி. அவள் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போய் வந்தது. அதைப் பார்த்தபோது முட்டையக்காவின் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி ஓடியது. அப்படி ஒரு சுகத்தை அவள் அனுபவித்து வெகுகாலமாகியிருந்தது.

பூட்டை உடைக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். குழுவில் ஒருவர் குறைந்தாலும் உடைக்கக்கூடாது என்பது ஒப்புக்கொண்ட விதி. அன்று இரண்டு பேர் வரவில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று பாஸ்டரம்மா சொல்லப்போகும் நேரத்தில், மூலையில் இருந்த சலவைக்காரம்மா எழுந்தாள். குழுவில் அதிகம் பேசாதவள்.

"பாஸ்டரம்மா, அப்ப என்னுது? நாளைக்குக் காலையில அவருக்கு ஆபரேசன். ஊசி மருந்து வெளியில வாங்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க. அவசரத்துக்கு எடுத்துக்கலாம்னு நேத்து நீங்கதானே..."

முட்டையக்காவுக்கு இது தெரியாது. சலவைக்காரம்மாவின் புருஷன் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பது தெரியும். தினமும் அந்த அம்மா இவளிடம்தான் டீ வாங்கிப் போவாள். சாவி கையில் இல்லாமல் போனால் யாருக்கு என்ன ஆகும் என்று அவள் நினைத்துப் பார்த்ததெல்லாம் ஒரே ஒரு ஆளைப் பற்றித்தான்.

"வீட்டுல ஒருதரம் தேடிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள். முதலில் நடந்தாள். தெரு திரும்பியதும் ஓடினாள். கணவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். அவள் அலமாரியைத் திறப்பதும் பாயை உதறுவதுமாக நடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சர்க்கரை டப்பாவுல பாரு" என்றார்.

அவள் பாயைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"எனக்கு முதுகுதான் போச்சு. கண்ணு இருக்கு."

திரும்பி ஓடி வந்து பூட்டைத் திறந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. சலவைக்காரம்மாவுக்குக் கேட்டது கிடைத்தது. இவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள் அந்த அம்மா. அதைவிடக் கன்னத்தில் ஒரு அறை விட்டிருக்கலாம். தங்கச்சி தன் பணத்தை வாங்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடினாள். மெஷினைச் சற்று முன்புதான் வண்டியில் ஏற்றியிருந்தார்கள். தெரு முனையில் அது போவதை அவளே பார்த்தாளாம்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலுக்குத் தங்கச்சி வந்தாள். ஸ்டூலுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். டீ கேட்கவில்லை.

"சாவி தொலையல, இல்லக்கா?"

முட்டையக்கா முட்டை ஒன்றை உரிக்க ஆரம்பித்தாள்.

"சாவியில சர்க்கரை ஒட்டியிருந்துச்சு. நீ பூட்டுல நுழைக்கும்போது கொட்டினதைப் பாத்தேன். ஏன்க்கா?"

ஒரு நர்ஸ் வந்து டீ வாங்கிக்கொண்டு போனாள். அவள் போனதும் முட்டையக்காவின் வாயிலிருந்து எல்லாம் கொட்டியது. "ஊரையே கூப்பிட்டு நன்றி சொன்னியே, நான் எங்கடி போனேன்? கயிறு கட்டின பெட்டியோட வந்தப்ப கதவைத் திறந்தது யாரு? பொறுப்புன்னு சொன்னது யாரு? உன் வாயில அக்கான்னு ஒரு வார்த்தை வரல. நான் அங்கதான் உக்காந்திருந்தேன். மூணாவது வரிசை."

தங்கச்சி கீழே கிடந்த முட்டை ஓடுகளைப் பொறுக்கி ஒன்றாகச் சேர்த்தாள்.

"உன்னைச் சொன்னா, உன் வீட்டுக்கு ஏன் வந்தேன்னு சொல்லணும். அதைச் சொன்னா பொண்ணோட அப்பன் எங்களை வெளிய தள்ளினதைச் சொல்லணும். என் பொண்ணு முன் வரிசையில உக்காந்திருந்தாக்கா. அவ கூடப் படிக்கிற புள்ளைங்க ரெண்டு பேரு அவளோட. அதான் விட்டுட்டேன். உன்கிட்ட தனியா வந்து சொல்லியிருக்கணும். அது என் தப்பு."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

முட்டையக்காவின் வயிற்றெரிச்சல் அன்றோடு தீர்ந்தது என்று சொன்னால் அது பொய். தங்கச்சி சொன்ன காரணம் நியாயமான காரணமாக இருந்ததே, அதற்கும் சேர்த்து எரிந்தது. "அவகிட்ட ஒரு குத்தமாவது கண்டுபிடிக்க முடியுதா பாரு!" என்று கணவரிடம் சொல்லி அழுதாள். அவர் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

அடுத்த கூட்டத்தில் அவள் எழுந்து சாவியைப் பாஸ்டரம்மா முன்னால் வைத்தாள். "இது தொலையல. நான்தான் ஒளிச்சு வெச்சேன். பொறாமையில செஞ்சேன். வேற யார்கிட்டயாவது குடுங்க." சலவைக்காரம்மா நிமிர்ந்து இவளைப் பார்த்தாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆபரேசன் முடிந்து அவள் புருஷன் பிழைத்திருந்தார். ஆனாலும் அந்த அம்மா அதற்கப்புறம் பல மாதம் வேறு கடையில்தான் டீ வாங்கினாள். அது சரிதான் என்று முட்டையக்கா நினைத்தாள். குழு அவளுக்கு அபராதம் போட்டது, அவள் கட்டினாள். வெளியே போகச் சொல்லவில்லை.

பாஸ்டரம்மா மட்டும் பின்னால் கூப்பிட்டு ஒன்று சொன்னார். "இத்தனை வருசமா எல்லாருக்கும் பெட்டியைத் திறந்து விட்டீங்க. உங்களுக்குன்னு ஒருதரம்கூட எடுக்கல. பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா யாருக்கும் எரியத்தான் செய்யும்."

அந்தப் பேச்சு அவளைச் சும்மா இருக்கவிடவில்லை. தங்கச்சி கடையைக் கடந்து போகும்போதெல்லாம் அது உள்ளே குத்தியது. கடைசியில் ஒரு ஞாயிறு, கையை உயர்த்திவிட்டாள். ஒரு தள்ளுவண்டி வாங்கக் கடன் கேட்டாள். தைரியம் வந்து கேட்கவில்லை. தங்கச்சி கேட்டாள், நான் கேட்கக்கூடாதா என்ற வீம்புதான் கேட்கவைத்தது. குழு ஒரே குரலில் சரி என்றது. அந்த ஒரே குரலில் தங்கச்சியின் குரலும் இருந்தது.

நான்கு சக்கரத் தள்ளுவண்டி வந்தது. அடுப்பும் கண்ணாடிப் பெட்டியும் உள்ள வண்டி. வெறும் அவித்த முட்டை போய், ரொட்டியும் ஆம்லெட்டும் வந்தன. வண்டிக்கு மேல் கூரைத்துணி தைக்கத் தங்கச்சியிடம்தான் போகவேண்டியிருந்தது. அவள் அதற்குள் வேறு ஒரு மெஷின் வாங்கியிருந்தாள், கூடுதல் விலைக்கு.

"அக்கான்னு குறைக்கமாட்டேன்" என்றாள் தங்கச்சி.

"குறைக்கச் சொல்லி யார் கேட்டா?" என்று கேட்டுவிட்டு, முட்டையக்கா அரை மணி நேரம் பேரம் பேசினாள். இருவருக்கும் தொண்டை கட்டிவிட்டது. பாதியில் தங்கச்சி சிரித்துவிட்டாள். முழுக் கூலியும் கொடுத்துவிட்டு வரும்போது முட்டையக்காவுக்கு இனம் தெரியாத ஒரு திருப்தி இருந்தது.

சலவைக்காரம்மா ஒருநாள் புருஷனோடு வந்து வண்டி முன்னால் நின்று இரண்டு ஆம்லெட் கேட்டாள். காசை எண்ணி வைத்தாள், முட்டையக்கா வாங்கிக்கொண்டாள்.

முட்டையக்கா தன் கடனைக் கட்டி முடித்த வருஷம் தங்கச்சி இரண்டு அறையும் தனிச் சமையலறையும் உள்ள வீட்டுக்குக் குடிபோனாள். பாஸ்டர் வந்து ஜெபம் செய்தார். முட்டையக்காவும் போனாள். ஒவ்வொரு கதவையும் திறந்து மூடிப் பார்த்தாள், குழாயைத் திருகிப் பார்த்தாள், மகள் படிக்கும் மேசையைக் கையால் தட்டிப் பார்த்தாள். தங்கச்சியின் மகளைக் கட்டிக்கொண்டாள். வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார், "எப்படி இருக்கு வீடு?"

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அவர் காத்திருந்தார்.

"சமையக்கட்டு ஜன்னல்தான் ரொம்பச் சின்னது."