காவலரின் இடது கால்

நான் இன்ஸ்பெக்டரானபோது முப்பது வயதைத் தாண்டியிருந்தேன். அதற்கு முன் சில வருஷம் சப்-இன்ஸ்பெக்டர். அதற்கும் முன் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எங்கள் பக்கமெல்லாம் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. போலீஸில் சேரும்போது உயரம், மார்பளவு, கண்பார்வை, சைக்கிள் ஓட்டம் எல்லாவற்றிலும் சிரமமில்லாமல் தேறிவிட்டேன். மலையாளப் பரீட்சைதான் காலை வாரியது. வீட்டிலும் கோயிலிலும் தமிழே பேசி, தமிழிலேயே ஜெபம் செய்து வளர்ந்தவன் நான். போலீஸிலோ புகார் முதல் மேலதிகாரிக்கு எழுதும் விளக்கம் வரை எல்லாம் மலையாளத்தில் இருக்க வேண்டும். இரண்டாம் தடவைதான் தேறினேன்.

சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவரை கள்ளனைத் தேடிப் போனேன், சண்டையை விலக்கினேன், சாட்சியை விசாரித்தேன். இன்ஸ்பெக்டரான பிறகு, மற்றவர்கள் அதையெல்லாம் செய்கிறார்களா என்று பார்ப்பது வேலையாயிற்று. என் ஆபீஸ் தக்கலையில். கிழக்கே இரணியல், மேற்கே களியக்காவிளை, தெற்கே தேங்காய்ப்பட்டணம் கடற்கரை வரை என் பொறுப்பு. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் முன்னறிவிப்பில்லாமல் போக வேண்டும். லாக்கப் பூட்டை இழுத்துப் பார்க்க வேண்டும். துப்பாக்கிக் குழலை வானத்தை நோக்கிப் பிடித்து உள்ளே துருவிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீழே வேலை செய்கிறவர்களின் வீட்டில் சாப்பிடக் கூடாது, அவர்கள் தரும் வாழைக்குலையை வாங்கக் கூடாது. நான் வாசலில் சைக்கிளை விட்டு இறங்கியதுமே உள்ளே பேச்சு நின்றுவிடும். முதலில் அது சங்கடமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

வருஷத்துக்கு ஒரு முறை இன்னொரு வேலையும் உண்டு. காவலர் ஒவ்வொருவரும் நடந்து ரோந்து போகும் உடல்நிலையில் இருக்கிறாரா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சந்தேகமிருந்தால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

அந்த வேலையாகத்தான் ஒரு காலையில் தேங்காய்ப்பட்டணம் போனேன். அங்கே ஸ்டேஷன் கிடையாது, ஒரு ஏட்டின் கீழ் சிறிய காவல் முகாம். முற்றத்து மணலில் காவலர்களை வரிசையாக நிறுத்தியிருந்தார் ஏட்டு. கரையில் வள்ளங்கள் வந்திறங்கும் நேரம், ஏலக் கூச்சல் காற்றோடு வந்துகொண்டிருந்தது. வரிசையின் கடைசியில் நின்றவர் எல்லாரிலும் மூத்தவர். நாற்பதை எப்போதோ தாண்டியவர். சொந்த ஊர் இரணியல் பக்கம். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை, பொத்தான்கள் பளபளத்தன. குறை சொல்ல இடமில்லை என்று நகரப் போனபோதுதான் காலைப் பார்த்தேன்.

அந்தக் காலத்தில் போலீஸ்காரர்கள் நாங்கள் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை காக்கித் துணியை நாடாபோலச் சுற்றிக் கட்டுவோம். பட்டீஸ் என்று பெயர். ஒரு காலுக்கு ஒரு துணி. இவருடைய வலது காலில் ஒரு துணிதான் இருந்தது. இடது காலில் இரண்டைச் சேர்த்துத் தைத்திருந்தார். தையலுக்கு மேலே ஒரு நிறம், கீழே வெளிறிய இன்னொரு நிறம்.

நான் அங்கேயே நிற்பதைப் பார்த்து ஏட்டு முந்திக்கொண்டார்.

“நல்ல ஆளு ஏமானே. கடப்புறத்துல எந்தச் சண்டன்னாலும் இவரு போய் நிண்ணா போதும், அடங்கிப் போவும்.”

மற்றவர்களைக் கலைந்து போகச் சொல்லிவிட்டு அவரை அறைக்குள் கூப்பிட்டேன்.

“இடது கால் பட்டீஸை அவிழும்.”

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “கதவச் சாத்திக்கிடட்டா ஏமானே?” என்றார். சாத்தினார். குனிந்து மெதுவாக அவிழ்த்தார். கணுக்கால் என்று ஒன்று தனியாகத் தெரியவில்லை. முழங்காலிலிருந்து பாதம் வரை ஒரே பருமனாக இறங்கியிருந்தது. துணி அழுந்திய வரிகள் தோலில் படிப்படியாகப் பதிந்திருந்தன. யானைக்கால். எங்கள் பக்கம் மந்து என்பார்கள்.

“எத்தனை நாளாக?”

“கொஞ்சம் வருசம் ஆச்சு. தொடையிடுக்குல நெறி கெட்டிக் காச்சல் வரும். காச்சல் போவும், வீக்கம் முழுசா போவாது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மிச்சம் கெடக்கும்.”

“வேலை போய்விடும் என்று மறைத்தீரா?”

“வேல போனா வேற வழி பாக்கலாம்.” அவர் என்னைப் பார்க்காமல் காலையே பார்த்துச் சொன்னார். “எனக்க மொவளுக்கு களியக்காவெளயில இருந்து ஒரு ஆலோசன வந்திருக்கு. நல்ல குடும்பம். மந்துக்காலன் மொவளுண்ணு அறிஞ்சா யாரு எடுப்பா?”

சம்பந்தம் பேசி வருவதை ஆலோசனை என்று சொல்வது எங்கள் வழக்கம். வீட்டில் எப்படி மறைக்கிறீர் என்று கேட்டேன். தரையைத் தொடும்படி வேட்டி கட்டுவதாகவும், மனைவியையும் மகளையும் தவிர யாருக்கும் தெரியாது என்றும் சொன்னார். ஏட்டுக்குத் தெரியும் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

“நான் உம்மை டாக்டரிடம் அனுப்பத்தான் வேண்டும். துரத்திப்போக முடியாமல் நாளைக்கு ஒரு கைதி தப்பினால் பதில் சொல்ல வேண்டியவன் நான்.”

“அறியும் ஏமானே. எல்லாரும் நிக்கும்போ காரணத்த வாசிக்காம இருந்தா போதும்.”

மேலிருந்து வரும் உத்தரவுகளைக் காலையில் எல்லாக் காவலர்களும் நிற்கும்போது உரக்கப் படிப்பது வழக்கம். உத்தரவைத்தான் படிக்க வேண்டும், டாக்டர் எழுதும் காரணத்தைப் படிக்க வேண்டியதில்லை என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, தரையில் உட்கார்ந்து மறுபடியும் சுற்றத் தொடங்கினார்.

டாக்டரைப் பார்க்கும் நாளுக்கு முந்தின நாள், அதற்கான கடிதத்தை வாங்க அவர் தக்கலைக்கு வந்தார். ரைட்டர் அதை எழுதி முடிக்கும்வரை வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். அந்த நேரத்தில் பின்வாசல் வழியாக வேறொருவர் என்னைப் பார்க்க வந்தார். கையில் குடை, தோளில் நேரியல் துண்டு. களியக்காவிளைச் சந்தையில் கருப்பட்டி மொத்த வியாபாரம் என்று சொல்லிக்கொண்டார்.

“ஏமான் கோவிக்கப்பிடாது. கேஸ் ஒண்ணும் இல்ல, ஒரு கல்யாணக் காரியம்.”

உட்காரச் சொன்னேன். தேங்காய்ப்பட்டணத்துக் காவலரின் மகளைத் தன் மகனுக்குப் பேசியிருப்பதாகச் சொன்னார்.

“அவருக்க காலுல ஏதோ தீனம் உண்டுண்ணு சந்தையில ஒரு பேச்சு. ஏமானுக்குக் கீழ நிக்குற ஆளு. ஏமானுக்குத் தெரியாம இருக்காதே.”

“அது இலாகா விஷயம். என் கீழ் இருக்கிறவருடைய உடம்பைப் பற்றி வெளியாரிடம் பேச எனக்கு அதிகாரம் இல்லை.”

“அப்ப உண்டு.”

“நான் அப்படிச் சொல்லவில்லையே.”

“இல்லண்ணும் ஏமான் சொல்லல்லியே.”

சாட்சிக் கூண்டில் மாட்டிக்கொண்டவனைப் போல இருந்தது. இல்லை என்றால் பொய். இந்த இடத்தில் பேச்சை முடித்துக்கொண்டால், அவர் உண்டு என்று தீர்மானித்துக்கொண்டு எழுந்து போவார். கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். வேப்பமரத்தடியில் நின்றவரிடம் யார் வந்திருக்கிறார், என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்பதை அப்படியே சொன்னேன்.

“உமக்கு இஷ்டமில்லை என்றால் அவரை அனுப்பிவிடுகிறேன். நீர் இங்கே இருப்பது அவருக்குத் தெரியாது.”

தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஏமானும் கூட நிக்கணும்” என்றார்.

உள்ளே வந்ததும் வியாபாரி எழுந்து நின்றார். காவலர் இடது காலைப் பெஞ்சின் மேல் தூக்கி வைத்து அவிழ்க்கத் தொடங்கினார். துணி சுருள் சுருளாகத் தரையில் விழுந்தது. வியாபாரி குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு நெருங்கி வந்து குனிந்தார். விரல்களைப் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார். கட்டைவிரலால் தோலை அழுத்தவும் செய்தார்.

“இது மந்தில்லா?”

“ஆமா.”

“மந்து மட்டும்தானா?”

“வேற என்ன வேணும்?” என்று கேட்டார் காவலர்.

வியாபாரி நிமிர்ந்து பெருமூச்சு விட்டார். “பெருவியாதிண்ணுல்லா சந்தையில சொன்னானுவ. அதனாலதான் துணியக் கொண்டு மறச்சு நடக்காருண்ணு. ஒரு மாசமா எனக்கு உறக்கம் கிடையாது.”

பெருவியாதி என்பது குஷ்டம். காவலர் கையால் தடவி ஒரு நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் நிற்கும்போது காவலர் உட்காருவது பெரிய குற்றம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“மொவளுக்கு இந்தக் காச்சல் வாறது உண்டுமா?” என்று வியாபாரி கேட்டார்.

“இல்ல. இதுவர இல்ல.”

“எனக்க மூத்த அக்காவுக்கு ரெண்டு காலும் மந்து. பேரப்பிள்ளயளும் எடுத்தாச்சு. கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவதான் முன்னால நிக்கா.” கொஞ்சம் யோசித்தார். “ஆனாலும் வீட்டுல ஒரு வார்த்த கேக்கணும். மறைக்கப்பிடாது பாத்தியளா.”

“மறைக்காண்டாம்” என்றார் காவலர்.

வியாபாரி என்னிடம் விடை சொல்லிக்கொண்டு போனார். காவலர் துணியைத் தரையிலிருந்து எடுத்துச் சுருட்டிக் கட்ட வெகு நேரமாயிற்று. இரண்டு தடவை அவிழ்ந்தது. முடித்து எழுந்து விறைப்பாக சல்யூட் அடித்தார். பிறகு, “பெருவியாதியாம் ஏமானே” என்றார்.

மறுநாள் நாகர்கோவிலில் டாக்டர் அவரைப் பார்த்தார். ரோந்துக்கு ஆகாது, இருந்த இடத்தில் பார்க்கும் காவலுக்கு ஆகும் என்று எழுதினார். தக்கலைக் கருவூலக் காவலுக்கு மாற்றலாம் என்று நான் சிபாரிசு செய்தேன். இவ்வளவு காலம் இது ஏன் கண்ணில் படவில்லை என்று சூப்பிரண்டு விளக்கம் கேட்டார். நான் அந்தப் பொறுப்புக்கு வந்தது இந்த வருஷம்தான் என்று எழுதினேன். அது முழு உண்மை. எனக்கு முன்பிருந்தவர் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். அவருக்கு ஒன்றும் நேரவில்லை.

மாற்றல் உத்தரவை ஏட்டு முற்றத்தில் படித்தார். காரணம் அதில் இல்லை. அடுத்த தடவை நான் போனபோது, “அவருக்கு என்ன காரியமா மாத்தம் ஏமானே?” என்று மெல்லக் கேட்டார். உமக்குத் தெரியாதா என்று கேட்டேன். அவர் துப்பாக்கியை எடுத்துவரப் போய்விட்டார்.

களியக்காவிளைக்காரர்கள் சம்மதம் சொல்ல மூன்று வாரமாயிற்று. வியாபாரியின் மனைவி பெண் வீட்டுக்கே வந்து, பெண்ணின் காலைப் பார்த்து, மாப்பிள்ளையையும் கேட்டுவிட்டுத்தான் சரி என்றாராம். ஆவணியில் கல்யாணம். காவலர் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார். சட்டப்படி நான் போகக் கூடாது, போகவுமில்லை. அன்று இரணியலில் எனக்கு வேலை இருந்தது. கல்யாண வீட்டுத் தெரு வழியாகப் போக வேண்டாம் என்று வேறு பாதையில் சைக்கிளைத் திருப்பினேன். தவில் சத்தம் கேட்டது.

அடுத்த வருஷம் என்னை வடக்கே மாற்றினார்கள். புறப்படும் முன் கருவூலத்தில் கடைசியாகப் பார்வையிடப் போனபோது அவர் வாசலில் காவல் நின்றார். முதல் பேறுக்கு மகள் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்றும், சம்பந்தி வாரம் தவறாமல் கருப்பட்டி கொடுத்தனுப்புகிறார் என்றும் சொன்னார். வீட்டில் இப்போது வேட்டியை முட்டு வரைக்கும் மடித்துக் கட்டிக்கொண்டுதான் நடக்கிறாராம்.